வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தீர்வு இல்லை

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எங்கள் கம்பெனியில் எல்லாரும் நம்பினார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். கம்ப்யூட்டர் உண்மையும் சொல்லாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். கேட்கத் தெரியாதவனுக்கு அது ஏசி ரூமில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி.

என் பெயர் எப்சி. ஆம்பூருக்கு வெளியே ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தேன். செக்‌ஷன் என்றால் நான் ஒருத்திதான். நான் சொல்லும் விஷயம் இரண்டாயிரத்து மூன்றில் நடந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து ஜெர்மனிக்கு அனுப்புவோம். தோல் பதனிடும் டேனரி பின்னாலேயே இருந்தது, அதுவும் எங்கள் முதலாளியுடையதுதான். டேனரியில் ஆண்கள், தையலில் பெண்கள். பெண்கள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஏழு கம்பெனி பஸ்ஸில் வந்துபோனார்கள்.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு வரக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாளெல்லாம் செருப்பும் ஷூவும் செய்கிறவர்கள், என் ரூம் வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினுக்கு நோகுமோ என்று அடிமேல் அடி வைத்து வருவார்கள். வந்த வேலை முடிந்தால் ஓட்டம். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார்கள். பேச்சுத் துணைக்கு எனக்கு ஏசி சத்தம்தான்.

வீட்டிலும் அதே கதை. வேலூரில் பாகாயம் பக்கம் அம்மா கட்டிய வீடு. அம்மா நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள், முந்தின வருஷம் போய்விட்டாள். தம்பி நெல்வின் மஸ்கட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து போன் செய்வான். சாப்பிட்டியா, கதவை நல்லா பூட்டுறியா என்பான். நல்ல பிள்ளை, ஆனால் அந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது கேள்வி அவனுக்குத் தெரியாது. ராத்திரி டிவியைப் போட்டுவிட்டு நான் சமையல்கட்டில் இருப்பேன். பார்ப்பதற்கு இல்லை. வீட்டுக்குள் ஒரு குரல் இருக்கட்டும் என்று.

அப்போது எனக்கென்று இருந்த மனித சகவாசம் நாலாம் நம்பர் பஸ்தான்.

ஐந்து மணிக்கு கேட் திறந்ததும் அந்த பஸ் கிளம்பும். மாதனூர், பள்ளிகொண்டா தாண்டி அணைக்கட்டு, அங்கிருந்து ஒடுகத்தூர், பிறகு திரும்பி ஊசூர் வழியாகப் பாகாயம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் என் இடம். அதில் உட்கார்ந்து நான் கேட்காத கதை இல்லை. ஒடுகத்தூர் கங்கம்மாள் மருமகளுக்கு எத்தனையாவது மாதம், அணைக்கட்டு சுந்தரியின் பையன் எந்தப் பாடத்தில் ஃபெயில் ஆனான், யார் வீட்டில் சீட்டு எடுத்துக் கொலுசு வாங்கினார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. என்னிடம் யாரும் நேராகச் சொன்னதில்லை. காதில் விழுந்ததுதான். என் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே வரும். கூட்டமாக இருந்தாலும் நிற்பார்கள், உட்காரச் சொன்னால் பரவாயில்லை மேடம் என்பார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைதான்.

இறங்கும்போது ஒவ்வொருத்தியும் "வர்றேன் மேடம்" என்பாள். ஒரு நாளில் என்னைப் பார்த்து இத்தனை பேர் சொல்லும் வார்த்தை வேறு கிடையாது. மத்தியானம் மூன்று மணியிலிருந்தே எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்துவிடும். அந்த பஸ் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் பாகாயத்தில் ஏறி இறங்க ஒரு கூட்டமே இருந்தது. ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது, ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, இரண்டு பேர் ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம். ஊசூரில் கடைசிப் பெண் இறங்கியதும், காலி பஸ்ஸில் டிரைவர் அப்துல் கரீமும் நானும் மட்டும் வருவோம். அவர் ரோட்டைப் பார்ப்பார், நான் வெளியே பார்ப்பேன். அந்த நிறுத்தத்தை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரூட் எல்லாம் டிரைவர்கள் தலைக்குள் இருந்தது, பழக்கத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆர்டர் குறைந்தது. ஏழாம் நம்பர் பஸ்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவானது. எங்கள் ஃபேக்டரி மேனேஜர் இஷ்தியாக் அகமது என்னைக் கூப்பிட்டார். ஆறு பஸ்ஸில் எல்லாரையும் அடக்க வழி இருக்கிறதா என்று என் மெஷினிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். ரூட்டிலேயே தள்ளி இருப்பது ஒடுகத்தூர். அங்கிருந்து ஏழு பெண்கள் வருகிறார்கள். மலையடிவாரத்து ஊர்களுக்கு சாயங்காலம் வேறு பஸ் கிடையாது. நம் பஸ் நின்றால் அவர்கள் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போனது. மனிதர் கெட்டவர் இல்லை. கணக்கு நல்லபடியா வரட்டும்னு துவா பண்றேன் என்றார்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பாடம். இருக்கிற வசதிக்குள், இருக்கிற தடைகளுக்குள், எது சிறந்த வழி என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. கல்லூரியில் எல்லாரும் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் அது இனித்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தீர்வு தேடும் புரோகிராமை இறக்கி வைத்திருந்தேன். அதற்குப் புரியும்படி எங்கள் பஸ்களை ஒரு கணக்கு மாடலாகக் கம்ப்யூட்டர் கோடில் எழுத ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும், அது போகக்கூடிய ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு மாறி, அதாவது வேரியபிள். போனால் ஒன்று, போகாவிட்டால் பூஜ்யம். பாதி போவது கிடையாது. அதன்மேல் நிபந்தனைகள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏதாவது ஒரு பஸ் போயே ஆக வேண்டும். சீட்டுக்கும் நிற்கும் இடத்துக்கும் மேல் ஆள் ஏறக் கூடாது. எந்தப் பெண்ணும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இறங்கக் கூடாது; இது முதலாளியே போட்ட சட்டம், அதில் கை வைக்க முடியாது. டேனரி ஆட்களை வீட்டில் விட, பஸ் ஒன்பதரைக்குள் ஆம்பூர் திரும்ப வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டு டீசல் கம்மியாக வேண்டும். சொன்னால் இவ்வளவுதான். கோடில் எழுதினால் ஆயிரக்கணக்கில் வரிகளாகப் பெருகிவிடும், கண்ணால் படித்து சரி தப்பு சொல்ல முடியாது.

அதனால் மாடலையே விசாரிக்க வேண்டும். வார்டுக்கு யார் வந்தாலும், என்ன நோவு என்று கேட்பதற்கு முன்னாலேயே அம்மா நாடி, சூடு, எடை மூன்றையும் எழுதிவிடுவாள். நானும் அப்படி ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தேன். தீர்வு தேடச் சொல்வதற்கு முன்னால் அது மாடலிடம் கேட்கும். உன்னிடம் மாறிகள் எத்தனை? அதில் முழு எண் எத்தனை? நிபந்தனைகள் எத்தனை? ஒவ்வொரு மாறிக்கும் கீழ் எல்லை என்ன, மேல் எல்லை என்ன? உன் இலக்கைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா? ஒரு தடவை இந்தக் கடைசிக் கேள்விக்குக் கூட்ட வேண்டும் என்று பதில் வந்தது, என் கைத்தவறு. விசாரிக்காமல் ஓடவிட்டிருந்தால் எல்லா பஸ்ஸும் டீசல் தீரும்வரை மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

விசாரிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நான் கேட்டால் ஒன்று பதில் சொல்கிறது. மழுப்பாது, அவசரப்படாது, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாது. சில நாள் தேவையே இல்லாமல்கூட விசாரித்திருக்கிறேன்.

ஏழாம் பஸ்ஸின் மாறிகளுக்கெல்லாம் மேல் எல்லையைப் பூஜ்யமாக்கினேன். அந்த பஸ் எங்கும் போக முடியாது என்று அர்த்தம். விசாரித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஓடவிட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. ஆறு பஸ் போதும். ஏழாம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமங்களை நாலாம் பஸ்ஸில் சேர்த்து, மற்றவற்றை இப்படியும் அப்படியும் மாற்றி, அழகாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒடுகத்தூர் பிழைத்தது. எங்கள் பஸ்ஸில் ஆள் கூடப் போகிறது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். அன்று வெள்ளிக்கிழமை. இஷ்தியாக் சார் தொழுகைக்குக் கிளம்பித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எப்சி மேடம், நம்ம கம்பெனில வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணு இருக்குதே, அது எங்க இதுல?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மத்தியான இடைவேளை அரை மணி அதிகம். அதைச் சரிக்கட்ட சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கேட் திறப்பார்கள். ஆம்பூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நான் எல்லா நாளுக்கும் ஐந்து என்று போட்டிருந்தேன்.

எப்படி மறந்தேன் என்று அப்புறம் யோசித்தேன். வெள்ளிக்கிழமையானால் தையல் செக்‌ஷனில் காலையிலிருந்தே இதே பேச்சாக இருக்கும். இன்னிக்கு லேட்டு, பாலுக்குச் சொல்லணும், மாமியார் மூஞ்சைத் தூக்கும், பிள்ளை வாசல்லயே நிக்கும் என்று. அவர்களில் ஒவ்வொருத்திக்கும் அந்த அரை மணி கனத்தது. எனக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். பூட்டுக்கு நேரம் தெரியாது. அதனால்தான் மறந்தேன். வேறு காரணம் இல்லை.

ரூமுக்கு வந்து வெள்ளிக்கிழமைக்குத் தனி மாடல் செய்தேன். கேட் நேரம் ஐந்தரை. மற்றதெல்லாம் அப்படியே. ஓடவிட்டேன். இந்த முறை டீக்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. தீர்வு இல்லை என்று சட்டென்று திரையில் வந்து நின்றது.

தீர்வு இல்லை என்பதை மட்டும் ஒரு மாடல் சொன்னால் நம்பிவிடக் கூடாது. எதனால் இல்லை என்று கேட்க வேண்டும். முதலில் நாடி பார்த்தேன். மாறிகள் அதே எண்ணிக்கை, எல்லைகள் சரி, இலக்கு சரி. கோளாறு என் எழுத்தில் இல்லை. அப்படியானால் நிபந்தனைகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. எது எதோடு என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு ஓடவிடு. தீர்வு வரவில்லையா, அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடு.

சீட்டு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், தீர்வு இல்லை. நிறுத்தங்களுக்கு வந்தேன். மாதனூரை எடுத்தேன், இல்லை. பள்ளிகொண்டா, இல்லை. அணைக்கட்டு, இல்லை. ஆலங்காயம் போகிற பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன், இல்லை. ஒடுகத்தூரை எடுத்தேன். தீர்வு வந்தது.

ஆக, இஷ்தியாக் சார் முதலிலேயே சொன்னதுதான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். ஆனால் பாதியில் நிறுத்துகிற புத்தி எனக்கு இல்லை. ஒடுகத்தூரைத் திரும்ப வைத்தேன். பட்டியலில் மிச்சம் இருந்தது பாகாயம். எடுத்தேன். தீர்வு வந்தது.

எல்லாரும் சாப்பிட்டு முடித்துத் திரும்பும் சத்தம் வராந்தாவில் கேட்டது. யாரோ யாரையோ கிண்டல் செய்ய, ஒரு கூட்டமே சிரித்துக்கொண்டு போனது.

விஷயம் புரியாமல் இல்லை. புதுக் கிராமங்களும் சேர்ந்து, கேட் திறப்பதும் அரை மணி தாமதமானால், நாலாம் பஸ் ஒடுகத்தூருக்கும் போய்ப் பாகாயத்துக்கும் போய் எட்டு மணிக்குள் முடிக்க முடியாது. மற்ற பஸ்களுக்கு அந்தப் பக்கம் வர நேரம் இல்லை. இரண்டில் ஒன்று போக வேண்டும். ஒரு பக்கம் ஏழு பேர். இன்னொரு பக்கம் நான்.

விட மனமில்லை. வேறொன்று தோன்றியது. பாகாயத்துக்கு மட்டும் எட்டு மணி நிபந்தனையை எடுத்துவிட்டால்? என் விஷயத்தில் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி முதலாளியிடமே எழுதிக் கொடுக்கலாம். ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டாலும் என்னைத் தேட யார் இருக்கிறார்கள்? ஆசையோடு ஓடவிட்டேன். தீர்வு இல்லை. பாகாயத்தில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பினால் பஸ் ஒன்பதரைக்கு ஆம்பூர் சேராது. டேனரி ஆட்கள் காத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் வேறு பஸ்ஸில் போகிறேன் என்று வைத்துப் பார்த்தேன். அது நடக்கும். ஆனால் ரூட் நாளுக்கு நாள் மாறக் கூடாது, மாறினால் டிரைவர்கள் குழப்பிவிடுவார்கள் என்று சார் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். என் ஒருத்திக்காக அதைப் போய் எப்படிக் கேட்பது? கேட்டால் ஏன் என்பார். காரணம் என்று என்ன சொல்வது? அவர்கள் பேசுவது என் காதில் விழ வேண்டும் என்றா?

எனக்கு ஆம்பூர் ஸ்டாண்டில் கவர்மென்ட் பஸ் இருந்தது. வேலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் பாகாயம். அந்த ஏழு பேருக்கு அது இல்லை. இதில் தியாகம் என்று ஒரு மண்ணும் கிடையாது. இருந்தும் அந்த வரியை அழிக்கக் கை வரவில்லை. அழுகை வந்தது. ஏசி ரூமில் தனியாக உட்கார்ந்து பஸ்ஸுக்காக அழுதேன் என்று சொன்னால் நெல்வின்கூட நம்ப மாட்டான்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாகாயத்தை எடுத்தேன். எல்லா நாளுக்குமான மாடலிலும் எடுத்தேன். பழக்கதோஷத்தில் மறுபடி விசாரித்தேன். நிபந்தனைகளில் இரண்டு குறைந்திருந்தன. பாகாயத்துக்கு வரும் ரோடுகள், போகும் ரோடுகள் என்று மாறிகளிலும் கொஞ்சம் குறைந்திருந்தன. மற்றபடி எல்லாம் ஒழுங்காக இருந்தது. டீசல் முன்னைவிடக் கம்மி.

திங்கட்கிழமை காலை இஷ்தியாக் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். ஒடுகத்தூர் இருக்கிறதைப் பார்த்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு விரல் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது.

"பாகாயம் எடுத்துட்டீங்களே. அங்க யாரும் ஏறுறதில்லையா?"

"ஒருத்தர்தான் சார். ஆபீஸ் ஸ்டாஃப்."

"பாவம், அவங்க எப்பிடி வருவாங்க?"

"கவர்மென்ட் பஸ் இருக்குது சார்."

"பேசிட்டீங்களா அவங்ககிட்ட? பின்னாடி பேஜார் ஆகக் கூடாது."

"பேசிட்டேன் சார். ஒத்துக்கிட்டாங்க."

நல்லது என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒருத்தர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஆபீஸில் இருக்கும் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வருகிறவர். என் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை, அம்மா சாவின்போதும் அவர் ஊரில் இல்லை, மாலை மட்டும் அனுப்பினார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே வரவில்லை. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புது ரூட் அடுத்த வாரமே ஆரம்பித்தது. நான் பஸ்ஸில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைசி நாள் ஒவ்வொருத்தியும் வழக்கம்போல வர்றேன் மேடம் என்று இறங்கினாள், நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன். நான் வராதது தெரிந்ததும் யாராவது தேடி வருவார்கள் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். வந்தாள். புதன்கிழமை டீ இடைவேளையில் கங்கம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து நின்றாள்.

"இன்னா மேடம், ரெண்டு நாளா பஸ்ல காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒன்றும் இல்லை, பஸ் இனிமேல் பாகாயம் வராது, கவர்மென்ட் பஸ்ஸில் போகிறேன் என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இருக்கட்டும் மேடம், நேரமாச்சு என்றாள். கவர்மென்ட் பஸ்ஸில் நிற்க வேண்டியிருக்குமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். உன் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். திகைத்துப்போய், நல்லா இருக்குது மேடம், யார் சொன்னாங்க என்றாள். சிரித்துவைத்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் மூடிவிட்டுப் போனாள்.

கவர்மென்ட் பஸ் பழகிவிட்டது. அதில் யாரும் யாரையும் மேடம் என்று சொல்வதில்லை, இடிப்பார்கள், மிதிப்பார்கள், சில்லறை இல்லை என்று கண்டக்டர் எரிந்து விழுவார். ஸ்டாண்டிலேயே ஏறுவதால் சில நாள் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். டிக்கெட் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்தச் சமயம் ஹைவேயை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாதனூர் தாண்டி ஒரு இடத்தில் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அங்கே லாரியும் பஸ்ஸுமாக அடைத்துக்கொண்டு எங்கள் பஸ் நின்றுவிட்டது. சூடு தாங்காமல் ஆண்கள் இறங்கி நின்று பீடி பற்ற வைத்தார்கள். அப்போது பக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

கையை எட்டினால் தொடுகிற தூரத்தில், எங்கள் பஸ்ஸை ஒட்டினாற்போல் நாலாம் நம்பர் பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கொண்டாட்டம். பெண்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர், நான்கு பேர். நடுவில் கங்கம்மாள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். தையல் சூப்பர்வைசரை வைத்துக் கட்டிய பாட்டு. அவன் தொப்பையும் விசிலும் ஒவ்வொரு அடியிலும் வந்தன. அடி முடியும்போதெல்லாம் எல்லாரும் ஒரே குரலில் எடுத்துப் பாட, சுந்தரி சிரிப்புத் தாங்காமல் பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்தாள். ஒரு வார்த்தை பேசாத அப்துல் கரீம், ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஒரு நாள்கூட நான் பாட்டுக் கேட்டதில்லை. கங்கம்மாளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது. இது இந்த மாதம் கட்டிய பாட்டு இல்லை, எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. நான் லீவு போட்ட நாட்களில் பாடிப் பாடித் தேய்ந்த பாட்டாக இருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிப்பும் வந்தது, சூப்பர்வைசரை அப்படி அச்சாகப் பிடித்திருந்தாள். என்னை அறியாமல் ஜன்னல் கம்பியில் நானும் தாளம் போட்டேன்.

அப்போது கங்கம்மாள் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

பாட்டு நின்றது. அவள் சட்டென்று புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். ஒருத்தி சொல்லி ஒருத்தி, எல்லாத் தலையும் திரும்பியது. கைகள் மடிக்கு இறங்கின. சுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்து முடியைச் சரிசெய்தாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஸ்கூலில் டீச்சரைப் பார்த்தால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. மேடம், நல்லா இருக்கீங்களா மேடம் என்று இரண்டு மூன்று குரல்கள். அதில் பொய் இல்லை. என்னை அவர்களுக்குப் பிடிக்கும் என்றுகூடத் தோன்றியது. நானும் கையை ஆட்டிச் சிரித்தேன். பாடுங்க என்று சொன்னேன். அய்யோ, போங்க மேடம் என்று கங்கம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள்.

லாரிகள் நகர்கிற வழியாக இல்லை. இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்த பஸ் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சின்னப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்த, கங்கம்மாள் அவளை முறைத்தாள்.

எங்கள் பஸ்ஸில் எதிர்வரிசை ஜன்னலோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, இடம் மாறிக்கொள்ள முடியுமா என்று அவரிடம் கேட்டேன். வெயில் எப்போதோ இறங்கியிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு அங்கே போய், அவர்களுக்கு என் முதுகுகூடத் தெரியாதபடி குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு ஒரு கைதட்டல், மெதுவாக. அடுத்து இன்னொன்று. கங்கம்மாள் குரல் எழுந்தது. ரோடு திறந்து பஸ் நகரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.